தானே அணையாத பெட்டி

எங்கள் அத்தைக்குக் கோபம் வரும் என்று யாராவது சொன்னால் அது பொய். வருவதற்கு அது எங்கேயாவது போயிருக்க வேண்டுமே. கூடவேதான் இருக்கும். சில நேரம் உட்கார்ந்திருக்கும், சில நேரம் எழுந்து நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அவளுக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்தது நான். அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டிவிட்டது என்பதற்கு என் தலையில் ஆதாரம் இருக்கிறது.

அப்பாவுக்கு அவள் அக்கா. கல்யாணமாகிப் போன வீட்டிலிருந்து ஒரு தையல் மெஷினோடும் ஒரு கத்தரிக்கோலோடும் திரும்பி வந்தவள். ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம், "அங்க வெளிச்சம் பத்தல, ஊசில நூல் கோக்க முடியல" என்றாளாம். அதற்குமேல் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. எங்கள் வீட்டு முன்னறை அவளுடையதாயிற்று. ஜன்னலை ஒட்டி மெஷின். பக்கத்துச் சுவரை ஒட்டி நீளமான மர மேஜை. மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பிளக். அவள் ராஜ்ஜியத்தின் எல்லை அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் இருக்கிற கத்தரிக்கோலை வேறு யார் எடுத்தாலும் அது துணியை வெட்டாது, மென்று துப்பும். அத்தை இடது கைக்காரி. கத்தரிக்கோலும் இடது கைக்கென்று செய்தது. ஒருநாள் அம்மா அதை வைத்துப் பால் பாக்கெட் மூலையை வெட்டப் பார்த்து, தோற்று, பல்லால் கடித்துத் திறந்தாள்.

"அதுவும் என்ன மாதிரிதான். கண்டவங்க சொன்னா கேக்காது" என்றாள் அத்தை.

அவள் தைப்பது துண்டுத் துணிப் போர்வை. தையல் கடைகளில் வெட்டித் தள்ளுகிற துணுக்குகளை மூட்டையாகக் கொண்டுவந்து, துவைத்து, சதுரமும் முக்கோணமுமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, நடுவே பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைப்பாள். பார்க்கிறவர்கள் மெஷின் வேலை என்று நினைப்பார்கள். பாதி வேலை இஸ்திரிப் பெட்டியுடையது. இரண்டு துண்டு சேர்த்ததும் அந்தத் தையலை உடனே அழுத்திப் படியவைக்க வேண்டும். படியாத தையல்மேல் அடுத்த தையல் போட்டால் மூலைகள் ஒன்றையொன்று பார்க்காது. சண்டைக்காரச் சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆகையால் நாள் முழுக்க தைப்பாள், எழுவாள், அழுத்துவாள், உட்காருவாள். பெட்டி சூடாகவே இருக்க வேண்டும்.

அதுவும் சட்டை தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்க்கக் கூடாது. நான் ஒருமுறை உதவுகிறேன் பேர்வழி என்று இழுத்துத் தேய்த்ததில் ஒரு சதுரம் படகாகிவிட்டது.

"சட்டையத்தான்டி தேய்ப்பாங்க. இத வெக்கணும், அமுக்கணும், தூக்கணும். உனக்கு எதையும் இழுத்தடிச்சே பழக்கம்" என்றாள். பத்தாம் வகுப்பை நான் இழுத்தடித்து, பிறகு அதுவும் நானும் பிரிந்துவிட்ட சங்கதி அவளுக்குச் சௌகரியமான ஆயுதம்.

இனி அப்பா. அவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். நெருப்புப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது வேலை. அந்த வேலையை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வர அவருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சமையலறையில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி உண்டு. கேஸ் அடுப்புக்கு மேலே 'கவனம்', மாடிப்படியில் 'கைப்பிடியைப் பிடிக்கவும்', குளியலறையில் 'வழுக்கும் தரை'. அத்தை அறைக் கதவில் 'எச்சரிக்கை: உயர் அழுத்தம்' என்று ஒட்டியிருந்தது மட்டும் அவர் ஒட்டியதல்ல.

போன வருஷம் ஒருநாள், பள்ளிக்கூடம் மதியத்தோடு விட்டு வந்தபோது முன்னறையில் புகை. மேஜைமேல் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த துணி எரிந்து, கீழே மரம் கருகிக்கொண்டிருந்தது. காலையிலேயே நூல் வாங்கப் போயிருந்த அத்தையும் எனக்குப் பின்னாலேயே வந்தாள். சிவப்பு வாளி மணலைக் கொட்டி அணைத்தோம். சாயங்காலம் விசாரணை நடந்தது. இந்த வீட்டில் எது உடைந்தாலும் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா விடியற்காலையிலேயே மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டாள். நாள் முழுக்கப் பெட்டியும் கையுமாக இருக்கிறவள் அத்தை. ஆக, எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கிளம்பறப்ப அணைச்சியா இல்லியா?" என்றார் அப்பா.

"அணைச்சேன்னுதான் நெனக்கிறேன்."

"நெனச்சாப் போதாதுக்கா. தெரியணும்."

அந்த 'நெனக்கிறேன்' வாயிலிருந்து விழுந்ததும் அத்தை அதைத் திரும்பப் பொறுக்கிக்கொள்ளப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. முடியவில்லை. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். எப்போதும் பதிலுக்குப் பதில் கொடுக்கிறவள் அன்று எழுந்து முன்னறைக்குப் போனாள். சாம்பலையும் மணலையும் தள்ளினாள், ஒரு பழைய கம்பளியை நாலாக மடித்து, கருகின மேஜைமேல் போட்டு, ஓரம் முழுக்க ஆணி அடித்தாள். அந்தக் கறுப்பை அவளும் சரியாகப் பார்க்கவில்லை, வேறு யாரையும் பார்க்க விடவுமில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாளிலிருந்து புதுச் சட்டம். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது இஸ்திரிப் பெட்டியைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் அவர் திரும்பிய பிறகுதான் அது வெளியே வரும். சுவரில் பிளக்குக்கு மேலே புது அறிவிப்பு: 'ஆளில்லாத அறையில் சூடான கருவி கூடாது.' எனக்கு வந்த கோபத்தில் அந்த 'கூடாது'வில் 'கூ'வை அழித்துப் பார்த்தேன். அர்த்தம் ஒன்றும் வரவில்லை. அத்தைக்கு வந்த கோபத்தில் ஒரு மூட்டைத் துணியும் தைக்காமல் கிடந்தது. தம்பியின் ஷிப்டு முடிகிறவரை ஒரு பெண்பிள்ளை தன் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும். தலை நரைத்தவள் சின்னக் குழந்தை பொம்மை கேட்கிற மாதிரி, "எடுத்துக் குடுறா" என்று கையை நீட்ட வேண்டும். அந்தக் காட்சியைத் தினமும் பார்த்தால் உங்களுக்கும் பீரோவை எட்டி உதைக்கத் தோன்றும். நான் உதைத்தேன். பீரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதைவிட மோசம் இன்னொன்று. அத்தை எங்கே கிளம்பினாலும் தெருமுனை சைக்கிள் கடைவரை போவாள், நிற்பாள், திரும்பி வீட்டுக்கு ஓடி வருவாள். பிளக்கைத் தொட்டுப் பார்ப்பாள். பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும், அது அவளுக்கே தெரியும். இருந்தாலும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

"என்னக்கா, இன்னைக்கும் எதையோ மறந்துட்டீங்களா?" என்று சைக்கிள் கடைக்காரர் சிரிப்பார்.

"உங்க டயருக்குக் காத்தடிக்கிற வேலையப் பாருங்க" என்பாள். கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தின் அடியில் காற்று இறங்கியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் பெரிய தெருவில் குழந்தைச் சாமான் கடை வைத்திருக்கிற ஓர் அம்மாள், அத்தையின் போர்வை ஒன்றை யார் வீட்டுத் தொட்டிலிலோ பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினாள். வெள்ளையில் மஞ்சள் முக்கோணம் வைத்து மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுங்கள், நன்றாக வந்தால் தொடர்ந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. பகலில் பெட்டி இல்லாமல் ரவிக்கைக்குக் கொக்கியும் விளிம்பும் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது பெரிய வாசல். ஆனால் பகலில் பெட்டி வேண்டும்.

"பூட்ட எடு" என்றாள் அப்பாவிடம்.

"ரூல்ஸ்னா ரூல்ஸ்க்கா. ஃபேக்டரியில முதலாளிக்கே தீப்பெட்டி கொண்டுபோக விடமாட்டேன்."

"இது ஃபேக்டரி இல்லடா, வீடு. நான் உன் அக்கா, அட்டைப்பெட்டி இல்ல."

அம்மா குறுக்கே புகுந்து சமாதானம் பேசியதில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். மறுநாள் கையில் பளபளவென்று ஒரு பெட்டியோடு வந்தார். நீல நிறம், எடையே இல்லை, அடியில் சல்லடை மாதிரி ஓட்டைகள், வயிற்றில் தண்ணீர் ஊற்றினால் ஆவி விடும். கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்தால் தானே அணைந்துவிடும்.

"இது இருந்தா பூட்டே வேணாம். நீ மறந்தாலும் அது மறக்காது" என்றார் பெருமையாக.

அத்தை அந்தப் பெட்டியைப் பார்த்த பார்வையை அப்பா பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே தண்ணீர் குடித்திருப்பார்.

அந்த நீலப் பிசாசோடு அத்தை பட்ட பாட்டை எழுதினால் என் கைக்கும் கோபம் வரும். ஒரு வரிசை தைத்துவிட்டு எழுந்தால் பெட்டி அணைந்திருக்கும். கையில் எடுத்தால் 'கீக்' என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு மினுக்கல், சூடாகிறவரை நின்று பார்க்க வேண்டும். அழுத்தியதும் உட்கார்ந்து அடுத்த வரிசை. எழுந்தால் மறுபடி அணைந்திருக்கும். எடை இல்லாததால் தையல் படியவும் படியாது. அவள் தன் முழு உடம்பையும் அதன்மேல் சாய்க்க வேண்டியிருந்தது.

"ஏன் அத்தை, அதுக்கு உன்மேல நம்பிக்கை இல்ல போல" என்றேன்.

"உங்கப்பன் வாங்கினதாச்சே. அவன் புத்தி அதுக்கும் இருக்கும்ல."

பிறகு ஒரு தந்திரம் செய்தாள். அசைந்தால் அணையாது என்பதுதானே அதன் விதி? பெட்டியைத் தூக்கி மெஷின் பலகையிலேயே ஓரமாக நிற்கவைத்தாள். மெஷின் ஓடுகிற அதிர்ச்சியில் பெட்டி தூங்காமல் விழித்திருந்தது. அவள் தைக்கிற வரைக்கும் அது சூடு. அன்றைக்கு வீட்டில் முதல் தடவையாக அத்தை விசில் அடிக்கக் கேட்டேன். குக்கர் என்று பெயர் வைத்ததற்கு அர்த்தம் கிடைத்துவிட்டதென்று நானும் சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷம் போர்வை முடிகிறவரைதான். ஆடி ஆடி அந்தப் பெட்டியின் வயிற்றுத் தண்ணீர் கலங்கியிருக்க வேண்டும். கடைசியாக மொத்தப் போர்வையையும் விரித்து ஒரு அழுத்து அழுத்தப்போனபோது, ஓட்டைகள் வழியாகப் பழுப்பு நிறத்தில் துப்பியது. வெள்ளைத் துணியில், நட்ட நடுவில், இருமல்காரன் துப்பின மாதிரி. அத்தை எலுமிச்சை தேய்த்தாள், சோப்புத் தேய்த்தாள், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லியும் தேய்த்தாள். நிறம் மங்கியது, போகவில்லை.

கடைக்கார அம்மா போர்வையைத் தடவிப் பார்த்தாள். தையலைப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு நடுவில் வந்து விரல் நின்றது.

"இதென்னம்மா, டீ சிந்தினாப்பல?"

"தண்ணி. பெட்டித் தண்ணி."

"பொறந்த குழந்தைக்கு வாங்கிட்டுப் போறவங்க இதத்தான் முதல்ல பாப்பாங்க. தப்பா நெனக்காதீங்க. கறையில்லாம இன்னொண்ணு கொண்டாங்க, நான் எங்கயும் போயிடல." மடித்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். மரியாதையாகக் கொடுத்ததுதான் இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தொட்டுக்கோ" என்றாள்.

"என்னக்கா இது?"

"நாளைக்கு நானே போய் ஒரு பெட்டி வாங்கறேன். தானே அணையாத பெட்டி."

"அப்படி ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள வந்தா பீரோவுக்குள்ளதான் இருக்கும். சொல்லிட்டேன்."

"வரட்டும், பாப்போம்."

கடைக்கு நானும் கூடப் போனேன். சைக்கிள் கடைவரை போய், ஒருமுறை திரும்பி வந்து பிளக்கைத் தொட்டுவிட்டு, மறுபடி போனோம். அத்தை தோளில் ஒரு பை. அதில் ஒரு பழைய துண்டு, தைத்து அழுத்தாத நாலைந்து சதுரம், வெள்ளைப் பருத்தித் துணி ஒரு முழம்.

மின்சாமான் கடைக்காரர் வரிசையாகப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒல்லியான மனிதர். காதில் பென்சில்.

"வாங்க மேடம். இது பாருங்க, லேட்டஸ்ட். துணி என்னன்னு அதுவே புரிஞ்சிக்கும். ரொம்ப புத்திசாலிப் பெட்டி."

"புத்திசாலி எங்க வீட்டுல ஏற்கனவே ஒருத்தன் இருக்கான். அடுத்தது."

"இது பத்து விதமா ஆவி விடும்."

"நானே விடுவேன். அடுத்தது. அடியில ஓட்டை இருக்கறது எதுவும் வேணாம். ஓட்டை இருந்தா தையல் மேல அதோட தடம் விழுது. கனமா, தட்டையா, மூக்கு கூர்மையா இருக்கறது எடுங்க. எது மூலைக்குள்ள போகுதுன்னு பாக்கணும்."

அவர் மேல் அலமாரியிலிருந்து தூசி தட்டி மூன்றை இறக்கினார். அத்தை ஒவ்வொன்றையும் கையில் தூக்கி எடை பார்த்தாள். குதிகாலில் நிற்கவைத்து, மேஜையை இடித்தாள். ஒன்று தொபுக்கென்று விழுந்தது, அதை ஒதுக்கினாள்.

"பிளக்குல போடுங்க."

"அக்கா, புதுப் பெட்டிய பிளக்குல போட்டுக் காட்டற வழக்கம் இல்ல." மேடம் அக்காவாகியிருந்தாள்.

"செருப்பு வாங்கறப்ப போட்டுப் பாக்கறீங்கல்ல? அதவிட இது லேசான சமாச்சாரமா? சூடு ஏறி, நின்னு, இறங்கி, மறுபடி ஏறுதான்னு நான் பாக்கணும். பாக்காம வாங்கினா, எரிஞ்சா நான் எரிச்சேம்பாங்க, அணைஞ்சா நான் மறந்தேம்பாங்க."

"சரிம்மா, சரிம்மா." இப்போது அம்மா. இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தால் சாமியாக்கியிருப்பார்.

பழைய துண்டை மடித்து விரித்து, பெட்டியைச் சூடேற்றி, அசைக்காமல் நிற்கவைத்துவிட்டுக் காத்திருந்தோம். நான் கடையிலிருந்த எல்லா மேஜை விசிறிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, கடைக்காரரின் ரசீதுகள் பறப்பதை ரசித்தேன். அத்தை மட்டும் பெட்டியின் சின்ன விளக்கையே பார்த்தபடி நின்றாள். அணைந்தது, எரிந்தது, அணைந்தது, எரிந்தது. சூடு விடாமல் நின்றது. பிறகு சதுரங்களை வைத்து அழுத்தினாள். தையல் திறந்து, புத்தகத்தின் நடுப்பக்கம் மாதிரிப் படிந்தது. வெள்ளைத் துணியில் வைத்தாள். ஒரு துளி கறை இல்லை.

கடைக்காரர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது கைங்களா? அதான் பாத்தேன். எல்லாரும் வெச்சா மூக்கு இடப்பக்கம் பாக்கும். நீங்க வெச்சா வலப்பக்கம் பாக்குது. வயர் ஒரு பக்கமா வர்ற பெட்டின்னா உங்க கையில இடிக்கும்மா. இதுல ரெண்டு பக்கமும் திரும்பும். இதயே எடுத்துக்கோங்க."

இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் அந்த மூக்கைக் கவனித்ததில்லை. காதில் பென்சில் செருகின ஒரு அந்நியர் அரைமணியில் கவனித்தார். அத்தை அவரைத் திட்டாமல் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கனமான பெட்டிக்கு அழுந்தாத, கெட்டியான விரிப்பு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தாள். நான் குறடு பிடித்தேன். நாலாக மடித்த கம்பளியைச் சுருட்டித் தூக்கியதும் அடியில் அந்தக் கறுப்புத் தழும்பு. மரத்தில் அச்சு வைத்த மாதிரி ஒரு இஸ்திரிப் பெட்டியின் உருவம். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரான மூக்கு இடப்பக்கம், கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அத்தை."

"என்னடி."

"புதுப்பெட்டிய இதுமேல வை."

"சனியனே, அதப் போய்..."

"வையேன். சூடு இல்லல்ல. எப்பவும் வைக்கிற மாதிரி வை."

முறைத்துக்கொண்டே வைத்தாள். இடது கை. மூக்கு வலப்பக்கம், ஜன்னலைப் பார்த்தது. அடியில் இருந்த தழும்பு நேர் எதிர்ப்பக்கம் பார்த்தது. பெட்டியை எடுத்தாள். மறுபடி வைத்தாள். தழும்போடு பொருந்தும்படி இடது கையால் திருப்பப் பார்த்தாள். மணிக்கட்டு முறுக்கிக்கொண்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் சுவர்.

"சுவத்துக்குள்ள நின்னாத்தான்டி நான் இப்படி வெச்சிருக்க முடியும்" என்றாள் மெதுவாக.

அந்த மெதுவைக் கேட்டு நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். குக்கர் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் நின்றால்தான் தள்ளி நிற்க வேண்டும்.

அத்தை முன்னறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தைக்கவில்லை, எழவில்லை. அம்மா வந்தாள், மேஜையைப் பார்த்தாள், நான் சொன்னதைக் கேட்டாள், வாசல்படியில் உட்கார்ந்தாள். அப்பா தொழிற்சாலை அடையாள அட்டையோடு உள்ளே வந்தார். புதுப்பெட்டியைப் பார்த்ததும் கை தானாகச் சாவியைத் தேடிப் பாக்கெட்டுக்குப் போனது.

"அதுக்கு முன்னாடி இங்க வா" என்றாள் அத்தை. "சட்டை தேய்க்கப் போறேன்னு நெனச்சுக்கோ. பெட்டிய எடுத்து அந்தக் கறுப்பு மேல வை."

"என்னக்கா விளையாட்டு இது? அந்தக் குட்டிப்பிசாசு சொல்லிக் குடுத்துச்சா?"

"வைடா!"

அப்பா வைத்தார். வலது கை. பழைய செருப்பில் கால் நுழைகிற மாதிரி பெட்டி தழும்புக்குள் போய் உட்கார்ந்தது.

"இப்ப என் கையில" என்று வாங்கி, இடது கையால் வைத்துக் காட்டினாள். மூக்கு ஜன்னல் பக்கம். "நான் பெட்டிய படுக்க வெச்சு நீ பாத்திருக்கியா? குதிகால்ல நிக்க வெப்பேன். படுக்க வெச்சிட்டுப் போனது யாரு? நான் நூல் வாங்கப் போனப்பறம் கடைசியா வீட்டவிட்டுக் கிளம்பினது யாருடா?"

அப்பா வாயைத் திறந்தார். வாசலிலிருந்து அம்மாவின் குரல் முந்திக்கொண்டது. "அன்னைக்குத்தானே உங்க ஃபேக்டரிக்கு மேலிடத்துலேருந்து சோதனைக்கு வந்தாங்க. வெள்ளச் சட்டை வேணும்னு காலையில என்கிட்ட கேட்டீங்க. நேரமில்ல, நீங்களே தேய்ச்சுக்கோங்கன்னுட்டு நான் போயிட்டேன்."

அப்பா மேஜையைப் பார்த்தார். தழும்பின் மூக்கிலிருந்து கதவுவரைக்கும் பார்வை போய் வந்தது. நெருப்புப் பிடித்த இடங்களைப் பார்த்து எங்கே ஆரம்பித்தது என்று எழுதிக் கொடுப்பதும் அவர் தொழில்தான். படிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லக்கா."

"எனக்கு ஞாபகம் இல்லேன்னுதானே ஒரு வருஷம் பூட்டினே? நீ பூட்டினத விடு. நான் என்னயே நம்பலடா! தெருமுனைக்குப் போயி, பூட்டின பெட்டி எரியுமோன்னு திரும்பி ஓடி வந்தேன். எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். கண்டவன் சிரிச்சான், சரிதான்னு வாங்கிக்கிட்டேன். ஒருத்தராவது இந்தக் கம்பளியத் தூக்கிப் பாத்தீங்களா? நானும்தான் பாக்கல. ஆணி அடிச்சு மூடினேன், என் தப்புன்னு நெனச்சு, உன் தப்ப!"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. மேஜையில் கிடந்த குறடைத் தூக்கி மூலையில் எறிந்தாள். என்னையும் மீறி என் மூக்கு உறிஞ்சியது. ஜலதோஷம்.

அப்பா பீரோ சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அது எனக்கு எதுக்கு? பீரோ உன்னோடது. நீயே வெச்சுக்கோ. இனிமே இந்தப் பெட்டியத் தொடறதா இருந்தா என்கிட்டக் கேட்டுட்டுத் தொடு. நான் இல்லேன்னா கசங்கின சட்டையோட போ."

அப்பா தலையாட்டினார். மறுநாள் காலையில், கேட்க வாய் வராமல், கசங்கின சட்டையோடேதான் போனார். போகும் முன் பிளக்குக்கு மேலே இருந்த அறிவிப்பை நகத்தால் சுரண்டி எடுத்தார். சுவரின் சுண்ணாம்பும் கொஞ்சம் கூடவே வந்துவிட்டது. கசக்கிக் குப்பையில் போட்ட அந்தத் தாள் எப்படிச் சுருக்கம் நீங்கி அவருடைய பீரோ கண்ணாடிக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. பசை நல்ல பசை. இன்னும் வரவில்லை.

அத்தை அவரோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. "உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று என் வழியாகத்தான் போகிறது. நடுவில் சில வார்த்தைகளை நான் மாற்றிவிடுவேன். சில நேரம் காரம் குறைத்து, பெரும்பாலும் கூட்டி.

புதுப்போர்வை முடிந்ததும் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம். பெட்டி மேஜைமேல் குதிகாலில் நின்றுகொண்டிருந்தது. அத்தை பிளக்கைப் பிடுங்கினாள், கதவைச் சாத்தினாள், நடந்தாள். சைக்கிள் கடை வந்தது. கடைக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சிரிக்கத் தயாராக நிமிர்ந்தார். அத்தை நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் போர்வையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மேலே நடந்தாள்.

"என்னக்கா, இன்னைக்குத் திரும்பலியா?"

"எதுக்கு?" என்றாள் அத்தை, திரும்பாமலே.

என்னால் சும்மா இருக்க முடியுமா? "அத்தை, சுவிட்ச அணைச்சியா?" என்றேன்.

நங்கென்று ஒரு குட்டு. இடது கைக் குட்டு. தலையில் எந்தப் பக்கம் வீங்கியிருக்கிறது என்று பார்த்தாலே யார் வைத்தது என்று சொல்லிவிடலாம்.